கைகளை இறக்கலாம்

எழுத்தாளர் நாச்சிமுத்துவின் வலது கை பல வருஷங்களாகத் தூக்கியபடியே இருந்தது. கட்சியின் கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை ஆதரித்துத் தூக்கிய கை அது. மொக்கப்பாளையம் கிளையில் ஓட்டெடுப்புக்கு ஒரு முறை இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும். எதிர்ப்பவர்களையும் கேட்டு எண்ணி முடிக்கும்வரை தூக்கிய கை தூக்கியபடியே இருக்க வேண்டும், ஒரே கை இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடக் கூடாதல்லவா. கடைசியில் "கைகளை இறக்கலாம்" என்று கூட்டத் தலைவர் சொல்வார். அன்றைக்குத் தலைவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். சொல்லாமல் எப்படி இறக்குவது? இறக்கினால் ஆதரவைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். அதனால் யாரும் இறக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரிலிருந்த நூல்மில் மூடியது, கட்சி ஆபீஸின் ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆனது, நாச்சிமுத்துவுக்குத் தலை நரைத்துப் பல் ஆடிக் கண்ணாடி தடித்தது. கை மட்டும் தூக்கிய இடத்திலேயே இருந்தது.

ஊரில் இதைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை. அந்தக் கூட்டத்தில் கை தூக்கிய எல்லாத் தோழர்களும் அப்படித்தான் இருந்தார்கள். டெய்லர் தங்கமுத்து 'தோழர் சட்டை' என்று ஒரு மாதிரியே வெட்டி வைத்திருந்தார். அதில் வலது கைக்கான துணி தோளிலிருந்து மேல்நோக்கிப் போகும். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தச் சட்டைகள் கடையில் வரிசையாகத் தொங்கும்போது யாரையோ வழியனுப்புவதுபோல இருக்கும். உள்ளூர் ஆட்டோக்காரர்கள் தோழர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தமாட்டார்கள். வெளியூர் ஆட்டோக்காரர்கள் நிறுத்தி, காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையாட்டிவிட்டுப் போவார்கள். மறியலுக்கு வந்த இன்ஸ்பெக்டர் "கையைத் தூக்குங்கடா" என்று அதட்டினால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

நாச்சிமுத்துவுக்கு எழுதுகிற கையும் அதுதான் என்பது கொஞ்சம் சங்கடம். முதலில் இடது கையால் எழுதிப் பார்த்தார். எழுத்து வந்தது, கதை வரவில்லை. பிறகு சுவரில் தலைக்கு மேலே தாளை ஒட்டச் சொல்லி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தூக்கிய கையாலேயே எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறோம் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு நேரே சுண்ணாம்புச் சுவர்தான் தெரியும். எழுதி முடித்ததும் "பாவாத்தா" என்று குரல் கொடுப்பார். அவர் மனைவி பாவாத்தாள் ஸ்டூலில் ஏறி நின்று படித்துக் காட்டுவாள். படித்துவிட்டு "நல்லா இருக்குதுங்க" என்பாள். சில நாள் ஒன்றுமே சொல்லமாட்டாள். அந்த நாட்களில் எழுதியதெல்லாம் கட்சிப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரும்.

பார்க்காமல் எழுதுவதில் ஒரு சௌகரியமும் உண்டு. அடிக்க வேண்டியதில்லை, திருத்த வேண்டியதில்லை, இது நிஜந்தானா என்று மறுபடி படித்து மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. அவருடைய நடையில் உறுதி கூடியிருப்பதாக விமர்சகர்கள் எழுதினார்கள்.

பாவாத்தாளும் பழகிவிட்டாள். காபியைக்கூட மேலேயிருந்தே அவருடைய தூக்கிய கையில் வைத்துவிடுவாள். அவர் அண்ணாந்து, டம்ளர் வாயில் படாமல் குடிப்பார். அந்த வீட்டில் ஒட்டடை என்பதே கிடையாது. உத்தரத்து மூலையெல்லாம் அவள் கைக்கு எட்டியது. அவர் மேலே பார்த்துப் பேசுவார், அவள் கீழே பார்த்துப் பதில் சொல்லுவாள். குடித்தனம் நடந்தது.

அந்தக் கையை லேசாக எண்ணிவிடக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கமாட்டோம் என்று முதலில் தூக்கிய கை அது. மில்லில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று தூக்கி, கட்டும்வரை ஓயாத கை. நாச்சிமுத்துவின் அம்மா பேதியில் சுருண்டபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் கிளைத் தோழர்கள்தான். பாவாத்தாள் வேறு சாதி. இரண்டு பக்கத்துச் சனமும் அரிவாளோடு நின்றபோது கட்சி ஆபீஸில் வைத்துத்தான் மாலை மாற்றிக்கொண்டார்கள், தோழர்கள் முறை வைத்து வாசலில் காவல் படுத்தார்கள். கட்சி இல்லையென்றால் அவருக்கு எழுத்தும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. இதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்கியது.

இனி அந்தக் கூட்டம். நாச்சிமுத்துவுக்கு ராயப்பன் என்று ஒரு கூட்டாளி இருந்தான். இரண்டு பேரும் மில்லில் ஒரே ஷிப்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கதை எழுதியவர்கள், ஒருவன் கதையை இன்னொருவன் கிழித்துப் போடும் அளவுக்கு நெருக்கம். ராயப்பன் வீட்டில் ஒரு பழைய ரேடியோ உண்டு. அதில் ஒரு நாள் அந்தத் தூரத்து நாட்டைப் பற்றிச் செய்தி வந்தது. வழவழப்பான தாளில் பத்திரிகை அனுப்பும் நாடு, மலிவு விலையில் தடித்தடியாக நாவல்கள் அனுப்பும் நாடு, தோழர்கள் எல்லாரும் தங்கள் சொந்த ஊரைவிட அதிகமாக நேசித்த நாடு. அங்கே ஒரு கவிஞரின் குரலை அரசாங்கம் ஜப்தி செய்து ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பதாக ரேடியோ சொன்னது. பெட்டிகள் அடுக்க ஒரு கட்டடமே இருக்கிறதாம்.

இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். ராயப்பன் கேள்வியைக் கேட்பான். நாச்சிமுத்து எழுந்து, "நானும் அதையேதான் கேட்கிறேன்" என்பார். அவ்வளவுதான் ஏற்பாடு.

கூட்டத்தில் ராயப்பன் எழுந்து நின்றான்.

"அந்தக் கவிஞரோட கொரலத் திருப்பிக் குடுத்துரலாமே தோழர்? நாம ஒரு வார்த்தை எழுதிப் போட்டா என்னங்க?"

தலைவர் வையாபுரி நல்ல மனிதர். சிறையில் தன் கஞ்சியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தவர். அவர் முகம் கறுத்தது.

"இதே கேள்விய நம்ம எதிரிகளும் கேக்கறாங்க."

"கேக்கட்டுமுங்க. நல்ல கேள்விதானுங்களே."

நாச்சிமுத்து எழ வேண்டிய நேரம் அதுதான். ராயப்பன் அவர் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று நினைத்திருப்பான். நாச்சிமுத்து எழவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பனைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை வையாபுரி படித்தார். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன. எழுத்தாளர் நாச்சிமுத்துவின் கையும் எழுந்தது, கொஞ்சம் முன்னாலேயே எழுந்தது என்றும் சொல்வார்கள்.

"தோழர் ராயப்பன் வெளியே போகலாம்" என்றார் வையாபுரி. ராயப்பன் போனான். அந்த நேரம் பார்த்து டீயும் சூடான போண்டாவும் வந்தன. "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வையாபுரி அடுத்த விஷயத்துக்கு, தெருவிளக்குப் பிரச்சினைக்குப் போய்விட்டார். தோழர்கள் வலது கையைத் தூக்கியபடி இடது கையால் போண்டா தின்றார்கள். இடது கையால் தின்பது எல்லாருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவரும் தலைவருக்கு ஞாபகப்படுத்தவில்லை, அது ஒழுங்கில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் வையாபுரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மாவட்டத்தில் போய்க் கேட்டார்கள். கிளைத் தலைவர் தூக்கச் சொன்ன கையை மாவட்டம் இறக்க முடியாது, மாநிலத்தைக் கேட்கிறோம் என்றார்கள். மாநிலத்தில், அந்த நாட்டையே கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். பதில் வருவதற்குள் அந்த நாடே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் பேப்பரில் வேறு பெயர்கள் இருந்தன. பெட்டிகளெல்லாம் என்னவாயின என்று யாருக்கும் தெரியவில்லை. நாச்சிமுத்து அன்றைக்கு முழுதும் அழுதார். கட்சிக்காக அழுதாரா, கவிஞருக்காக அழுதாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையை இறக்கச் சொல்ல அங்கேயும் ஆள் இல்லை.

கையின்மேல் ஆசைப்பட்டவர்கள் பிறகு வந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்து, "எங்கள் முன்னால் இறக்கிவிடுங்கள் ஐயா, ஏமாந்த கதையை எட்டுப் பக்கம் போடுகிறோம்" என்றார். நாச்சிமுத்து அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். கட்சியின் புது மாவட்டச் செயலாளர் வந்து, "இறக்கிராதீங்க தோழர், மேடையில போட்டோவுக்கு ரொம்ப நல்லா இருக்குது" என்றார். அவருக்கும் மோர்தான். இருவரும் ஒரே கையைத்தான் பார்த்தார்கள், யாரும் அதன் வலியைக் கேட்கவில்லை.

தோழர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எங்கள் ஊர் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். ஆழமாகப் புதைக்க வழியில்லை. அதனால் கைகள் மண்ணுக்கு மேலே நின்றன. சுடுகாட்டு ஓரத்தில் அவை வரிசையாக நிற்கும். ஆடு மேய்க்கிற மாரன் அவற்றில் ஆடு கட்டினான், கயிறு நழுவாமல் நன்றாக நின்றது.

கடைசியாகச் சென்னியப்பனைப் புதைத்த அன்று நாச்சிமுத்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டத்தில் கை தூக்கியவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். அடுத்த குழி எங்கே வரும் என்று தெரிந்தது, பக்கத்திலேயே ஒரு கிடாக்குட்டி படுத்திருந்தது. அவருக்குப் பயம் வந்தது. சாவதைப் பற்றி இல்லை. இந்தக் கையும் இப்படியே மண்ணுக்குள் போனால் ராயப்பனை நீக்கியது நீக்கியதுதான். மாற்றிச் சொல்ல ஆள் இருக்காது. அந்தக் கையோடு சாக அவருக்கு மனசு வரவில்லை. அதே சமயம், எட்டு மணி நேரத்துக்குத் தூக்கிய கையை யாருடைய கேமராவுக்கு முன்னாலும் தொங்கவிடவும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு உடுமலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்றார்.

ராயப்பன் உடுமலைப்பேட்டையில் பேக்கரி வைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். பாவாத்தாள் மேலேயிருந்து பார்த்தாள்.

"போய்ட்டு வாங்க. இப்பவாச்சும் போறீங்களே" என்று சொல்லி, சலவைச் சட்டையை அவருடைய கையில் மாட்டிவிட்டாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்துகொண்டு மேல்கம்பியைப் பிடித்தபடியே போனார். என்ன பேசுவது என்று யோசித்ததெல்லாம் பொங்கலூருக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. பாக்கி வழியெல்லாம் வெறுமனே பயந்துகொண்டு வந்தார்.

பேக்கரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. உள்ளே கண்ணாடி அலமாரிகளில் பப்ஸும் தேங்காய் பன்னும் அடுக்கியிருந்தன. முதலாளி ராயப்பன் வெளியே, தார்ப்பாய்ப் பந்தலின் கீழே பிஸ்கட் டின்மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் வெளியே போகச் சொன்னவர்கள் உள்ளே வரலாம் என்று பிறகு சொல்லவில்லை. அதனால் அவர் அன்றிலிருந்து எதற்குள்ளும் போனதில்லை. கடையைக் கட்டியவர் அவர்தான், அதன் அடுப்பை அவர் பார்த்ததில்லை. படுக்கை கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில். மகள் கல்யாணத்தின்போது கோயில் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஓதுகிற சத்தத்தை வைத்து எப்போது தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டாராம்.

"வாங்க தோழர்" என்றார் ராயப்பன்.

"நல்லா இருக்கறயா ராயப்பா?"

"வெளிய இருக்கறமுங்க. காத்தோட்டமா இருக்குது."

டீ வந்தது. கடைப் பையன்கள் யாரும் எதையும் கேட்காமல் டம்ளரை நாச்சிமுத்துவின் தூக்கிய கையில் வைத்தார்கள். அவர் அண்ணாந்து குடித்தார். டம்ளரை வாங்கி வைக்கிறவரை ராயப்பன் பொறுத்திருந்தார்.

"சென்னியப்பன் போயிட்டான்" என்றார் நாச்சிமுத்து.

"கேள்விப்பட்டனுங்க. வரத்தான் நெனச்சேன். சுடுகாட்டுக்கு இரும்புக் கேட்டு இருக்குதுங்களே, தாண்டி உள்ள வரோணும்."

"நான் ஒருத்தன்தான் பாக்கி."

ராயப்பன் தலையாட்டினார். ரோட்டில் ஒரு பழனி பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகமுங்க. வெளிய உக்காந்தே யோசிச்சதுதான். அன்னைக்கு எதிர்க்கறவங்க ஆருன்னு வையாபுரித் தோழர் கேட்டாருங்களா? நான்தான் போயிட்டேனே."

நாச்சிமுத்து கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். தீர்மானம், கைகள், கதவு, போண்டா, தெருவிளக்கு.

"கேக்கல" என்றார். "போண்டா வந்துருச்சு."

"அப்ப ஓட்டெடுப்பே முடியலைங்க."

"முடியல."

"கூட்டம் முடிஞ்சுதுன்னு சொன்னாருங்களா?"

"தெருவெளக்கைப் பத்தியே பேசிட்டிருந்தாரு. அப்புறம் கரண்டு போயிருச்சு, அவங்கவங்க எந்திருச்சுப் போயிட்டோம்."

"அப்ப கூட்டமும் நடந்துட்டுத்தான் இருக்குது. நடத்தித் தீர்க்கலாமுங்க. தலைவர் இல்லைன்னா வந்திருக்கறவங்க ஒருத்தரத் தேர்ந்தெடுக்கலாம், அது முறைதான்."

"நான் உன் பேர முன்மொழியறேன்."

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் ராயப்பன். இரண்டு பேரும் ஏற்கெனவே தூக்கியிருந்த கையைப் பார்த்தார்கள். எதிர்ப்பவர்களையும் முறைப்படி கேட்டார், யாரும் இல்லை. "ஏகமனதாக" என்று சொல்லிவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிஸ்கட் டின்னை நடுவில் இழுத்துப் போட்டு, தலைவராக உட்கார்ந்தார். குரலில் வையாபுரியின் சாயல்கூடக் கொஞ்சம் வந்துவிட்டது. பதவி அப்படி.

"தோழர் ராயப்பனை நீக்கும் தீர்மானம். ஆதரவு, கூட்டத்தில் இப்போது இருப்பவர்களில் ஒரு கை. மண்ணுக்கு மேலே நிற்கும் கைகள் வேறு ஊரில் இருப்பதால் எண்ணப்படவில்லை. அடுத்து, தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்."

நாச்சிமுத்துவின் இடது கை மடியில் கிடந்தது. இத்தனை வருஷமாக வேட்டி கட்டுவது, சோறு தின்பது, கதவு திறப்பது எல்லாம் அது ஒற்றையாகச் செய்து அலுத்துப் போன கை. அது மெல்ல எழுந்து காதுவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. அவருக்கு அம்மாவின் கட்டில் ஞாபகம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடியவர்களின் முதுகுகள் ஞாபகம் வந்தன.

"தலைவர்கிட்ட ஒரு கேள்வி" என்றார்.

"கேக்கலாமுங்க."

"வலது கை எறங்கிப் போச்சுன்னா, எட்டு மணி நேரத்துக்குத் தூக்குனது, கூலிக்குத் தூக்குனது, அதெல்லாமும் போயிருமா?"

ராயப்பன் தலைவர் குரலை விட்டுவிட்டார்.

"அட, நாச்சி. அதெல்லாம் அன்னன்னைக்கே எண்ணி முடிச்சாச்சு. அதுக்கெல்லாம் அப்பவே கைய எறக்கியும் ஆச்சு. பக்கத்துல நின்னு நானுந்தான் எறக்குனேன். இந்த ஒண்ணு மட்டுந்தான் பாக்கி."

நாச்சிமுத்து அதை யோசித்துப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் எல்லாவற்றையும் இந்த ஒரே தூக்கில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார், யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சேர்த்துக்கொண்டார். இடது கை காதைத் தாண்டி மேலே போனது. இரண்டு கைகளும் தார்ப்பாயை நோக்கி நின்றன.

"எதிர்ப்பு ஒன்று" என்றார் தலைவர். "எதிர்ப்பவர் காரணம் சொல்லலாம்."

பப்ஸ் வாங்க நின்றவர்கள் சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"நானும் அதையேதான் கேக்கறேன் தோழர்" என்றார். நின்றுவிடாமல் மீதியையும் சொன்னார். "அந்தக் கவிஞரோட கொரலத் திருப்பிக் குடுத்துரலாம். அதப் பூட்டி வெச்சது தப்பு. நம்ம ஆளுக பூட்டுனாலும் தப்பு. உன்னைய வெளிய போகச் சொன்னப்ப நான் பேசாம இருந்ததும் தப்பு."

ராயப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க நிறையவே இருந்தது.

"ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று" என்றார் அப்புறம். "சமமாக இருந்தால் தலைவர் ஓட்டுப் போடலாம். தன் விஷயத்தில் தானே ஓட்டுப் போடுவது முறையில்லை என்று தலைவர் விலகிக்கொள்கிறார். சமமாக நிற்கும் தீர்மானம் தோற்றதாகும். தீர்மானம் தோற்றது."

பிறகு அதைச் சொன்னார்.

"கைகளை இறக்கலாம்."

இடது கை உடனே இறங்கியது. வலது கை கொஞ்சம் யோசித்தது. முதலில் விரல்கள் தளர்ந்தன, பிறகு முழங்கை மடங்கியது, பிறகு மொத்தக் கையும் தொடைமேல் வந்து பொத்தென்று விழுந்தது. அவ்வளவு கனமா ஒரு கைக்கு என்று இருந்தது. தோள்பட்டையிலிருந்து விரல் நுனிவரை எறும்பு ஊர்ந்தது. நாச்சிமுத்து விக்கி விக்கி அழுதார். வலி பாதி, மீதியெல்லாம் நிம்மதி. சட்டையின் கை மட்டும் வெறும் துணியாகக் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடிந்தது" என்று சொல்லிவிட்டு ராயப்பன் எழுந்தார். பேக்கரி வாசற்படியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கடைப் பையன்கள் வழிவிட்டார்கள். உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

"என்னடா இது, இந்த வெக்கையிலயா இத்தன வருசமும் நின்னீங்க? கூலிய ஏத்தோணுமே. சங்கம் வெச்சிருக்கறீங்களா இல்லையா?"

நாச்சிமுத்துவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார், மாற்றி வைத்துப் பார்த்தார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைப் பார்த்தபடி வாங்கினார், அதுவே சுகமாக இருந்தது. மொக்கப்பாளையம் சுடுகாட்டைப் பஸ் தாண்டியபோது எட்டிப் பார்த்தார். வரிசையில் ஒரு கையும் இல்லை. மண் மேடுகள் மட்டும் இருந்தன. ஆடுகள் அவிழ்ந்து திரிந்தன. மாரன் ஒரு கல்லை எடுத்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நாச்சிமுத்து மேஜைமேல் இருந்த பருப்பு டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். ஒரு வரி எழுதினார். எழுத எழுத அது அவர் கண்ணுக்கு நேரே வந்தது. வாசித்துப் பார்த்தார். அடித்தார். அடிக்க முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு வரியையும் எழுதி அடித்தார். மூன்றாவதை விட்டுவைத்து, பத்தியாக வளர்த்து, பழக்க தோஷத்தில் "பாவாத்தா" என்று குரல் கொடுத்தார்.

"வந்துட்டனுங்க" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாவாத்தாள் வழக்கமான இடத்தில், சுவரோரம், உத்தரத்துக்குக் கிட்டே நின்று தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"ஸ்டூல் எங்க?" என்றார் நாச்சிமுத்து.

"அது காலு ஒடஞ்சு போச்சுங்களே. மில்லு மூடுன வருசம் அடுப்புல வெச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் எறங்கல?"

"ஏறி நில்லுன்னு சொன்னீங்க. எறங்கச் சொல்லவே இல்லீங்களே."

அவர் பேனாவை மூடி வைத்தார். போண்டாவும் தெருவிளக்கும் இல்லாமலே ஒரு மனிதனுக்கு எவ்வளவு மறந்துவிடுகிறது என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் வலது கையை அவள் பக்கமாக நீட்டினார். நீட்ட அது நன்றாகவே வந்தது.

"எறங்கலாம் பாவாத்தா" என்றார். "என்னைக்கோ எறங்கியிருக்கலாம்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, படியில் இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். தரையில் நின்று பாதத்தை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

"தரை சில்லுனு இருக்குதுங்க."

அவருடைய தோள் உயரந்தான் இருந்தாள். அது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவள் மேஜையிலிருந்த தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இல்லீங்க" என்றாள்.

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "எந்த எடத்துலன்னு சொல்லு" என்று அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.